பற்று நோட்டு, எட்டாம் நம்பர் கடை

வரலாறு வேண்டும் என்கிறீர்கள்.
என்னிடம் இருப்பது பற்று நோட்டு.
நீளவாக்கில் தைத்தது, சிவப்புத் துணி அட்டை.
கள் சிந்திய பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்,
பார்த்துப் பிரியுங்கள்.

வேலந்தாவளத்தில் கடைக்கு நம்பர்தான், பேர் கிடையாது.
உக்கடத்தில் பஸ் ஏறி வந்தவர்கள்
வீட்டில் பாலக்காட்டுக்கு என்று சொல்லிவிட்டுத்
தங்களுக்குள் பாரிஸ் என்றார்கள்.
பேனர் வரைகிற துரைக்கண்ணு
ஒரு காலண்டரில் பாரிஸைப் பார்த்திருந்தான்.
சிவப்பாக ஒரு காற்றாடி இருந்ததாம்.
கிட்டாவிடம் சொல்லி ஓலைக்கூரை மேல்
தகரத்தில் ஒன்று வைத்தான்.
ஆடி மாசக் கணவாய்க் காற்று அதைப் பிய்த்துப் போய்
மெட்ராஸ் ராஜ்யத்துச் சோளக்காட்டில் போட்டது.
பக்கம் ஏழு: தகரம், ஆணி, நாலேகால் ரூபாய்.
இன்னும் வரவில்லை.

கொல்லையில் எல்லைக்கல்.
கல்லுக்கு இந்தப் பக்கம் குடிக்கலாம்,
அந்தப் பக்கம் குடித்தால் ஆறு மாசம்.
காலிப் பீப்பாய் ஒன்பதைக் கவிழ்த்து
மேடை போட்டபோது
மூன்று பலகை அந்த ராஜ்யத்துக்குள் நீண்டுவிட்டது.
யாரும் அளக்கவில்லை. நான்தான் அளந்தேன்.

ஆர்மோனியம் காசிம் ராவுத்தர்.
ஸ்திரீபார்ட் மயில்ராஜ்,
கம்பெனி கலைந்த பிறகும் நடையைக் கலைக்காதவர்.
சிகரெட் அட்டையில் கவிதை எழுதி
அதையே கொடுத்துக் கணக்கைத் தீர்க்கப் பார்த்த ஒருவர்.
பேர் வேண்டாம், இப்போது ஒரு தெருவுக்கு அவர் பேர்.
அப்புறம் மிஸ் லில்லி.
வீட்டில் தெய்வாத்தாள், நெகமம் பக்கம்.
ரெக்கார்டு தேய்ந்து ஊசி ஒரே இடத்தில் சுற்றினால்
அவளும் அதே அடியைத் திரும்பத் திரும்பப் போடுவாள்,
யாராவது எழுந்து ஊசியைத் தட்டும்வரை.
ஒரு தடவை
நாங்கள் யாருமே எழுந்திருக்கவில்லை.

கேரளப் போலீஸ் ஆட்டத்தைப் பிடிக்க வரும்:
லில்லி மூன்று பலகை தள்ளி நின்றுகொள்வாள்.
மெட்ராஸ் போலீஸ் குடியைப் பிடிக்க வரும்:
டம்ளர்கள் கல்லைத் தாண்டி வந்துவிடும்.
இரண்டும் சேர்ந்து வந்தது ஒரே ராத்திரி.
அறுபத்தாறு, மாசி.
குடிக்க வழியில்லை, ஆட வழியில்லை,
கையைக் கட்டி உட்கார்ந்தோம்.
ராவுத்தர் மட்டும் கட்டை ஒன்றையும் தொடாமல்
துருத்தியை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார்.
மூச்சு. வேறொன்றுமில்லை.
ரொம்ப நேரம் கழித்துக் கொழிஞ்சாம்பாறை ஏட்டு
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.
அன்றைய வரவு பூஜ்யம்.
அந்த மாதிரி இன்னொரு ராத்திரி அமையவில்லை என்று
சாகும்வரை சொன்னார் மயில்ராஜ்.

எழுபத்தொன்றில் அந்தப் பக்கமும் கடை திறந்தார்கள்.
உக்கடத்திலேயே கிடைக்கும்போது
பாரிஸ் எதற்கு?
கலைக்காக வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை
ஒரே வாரத்தில் எண்ணி முடித்தேன்.
கடைசி ராத்திரி நாலு மாட்டு வியாபாரிகள்,
அதில் ரெண்டு பேர் தூக்கம்.
லில்லி ஒரு அடியும் குறைக்காமல் ஆடிவிட்டுச்
சலங்கையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு
காலைப் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள்.

இப்போது அங்கே லாரி எடைமேடை.
கல் அதற்கடியில்தான் எங்கோ இருக்க வேண்டும்.

பேர் வாங்கியவர்களுக்கெல்லாம் இதில் பக்கம் உண்டு,
கடன் வைத்தார்களே.
நீங்கள் தேடி வந்ததும் அந்தப் பக்கங்களைத்தான்.
தெய்வாத்தாளுக்குப் பக்கம் இல்லை.
அவள் ஒரு டீகூடக் கடன் சொன்னதில்லை.
கடைதான் அவளுக்குத் தர வேண்டும்.
எழுது என்று கிட்டா சொல்லவில்லை,
எழுதட்டுமா என்று நானும் கேட்கவில்லை.

பேனாவைக் கொடுங்கள்.
கடைசித் தாளில் இடம் இருக்கிறது.
தெய்வாத்தாள், நாற்பத்தொரு ராத்திரி,
மூன்று ரூபாய் வீதம் நூற்றிருபத்துமூன்று.
நெகமத்தில் அவள் ஆட்கள் யாராவது இருந்தால்
வரச் சொல்லுங்கள்.
பதினோரு மணிக்கு மேல் வரட்டும்,
மருந்து சாப்பிட்டிருப்பேன்.